மாருதி ஆம்னி, மாருதி ஈக்கோ ஒப்பீடு

மாருதி ஆம்னி, மாருதி ஈக்கோ ஆகியன இந்தியாவில் மாருதி சுசூக்கி நிறுவனம் தயாரித்த இரு சிறு வேன்கள் ஆகும். ஆம்னி 1984 முதல் 2019 வரை விற்பனையில் இருந்தது. ஈக்கோ 2010 சனவரியில் அறிமுகமானது. 2010 முதல் 2019 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒரே காட்சியறையில் அருகருகே விற்கப்பட்டன. இதனால் எதை வாங்குவது, இருப்பதை விற்று மாறுவதா என்னும் கேள்வி வேன் உரிமையாளர்கள் பலர் முன் நின்றது. ஆம்னியின் தயாரிப்பு முடிவுற்ற பின்னரும், பழைய ஆம்னியைத் தொடர்ந்து ஓட்டுவதா புதிய ஈக்கோ வாங்குவதா என்ற வடிவில் அக்கேள்வி நீடிக்கிறது. இரண்டு வண்டிகளின் அமைப்பு, இழுதிறன், செலவு, பாதுகாப்பு, சட்ட நிலை ஆகியவற்றை இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

வரலாறு

ஆம்னி (1984–2019)

மாருதி உத்யோக் நிறுவனம் 1981 இல் இந்திய அரசால் தொடங்கப்பட்டது. 1982 இல் சப்பானின் சுசூக்கி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1983 டிசம்பரில் மாருதி 800 மகிழுந்தும், அடுத்த ஆண்டில் மாருதி வேனும் குர்கானில் இருந்து வெளிவந்தன. இந்த வேன், சுசூக்கி 1979 இல் சப்பானில் வெளியிட்ட கேரி வகை வேனின் வடிவத்தைப் பின்பற்றியது. மாருதி 800 இல் இருந்த 796 கன செ.மீ. கொள்ளளவுள்ள எஃப்8பி என்னும் மூன்று உருளை எஞ்சினே இதிலும் பொருத்தப்பட்டது. 1988 இல் இவ்வண்டிக்கு ஆம்னி என்று பெயர் மாற்றப்பட்டது.

ஐந்து பேர், எட்டுப் பேர் அமரும் வடிவங்களும், சரக்கு வேன், நோயாளர் ஊர்தி, திரவ எரிவாயுவில் (எல்.பி.ஜி.) ஓடும் வடிவம் ஆகியனவும் பின்னர் வெளிவந்தன. முகப்பு விளக்குகளும் உட்புறமும் சில முறை மாற்றப்பட்டபோதும், அடிப்படை உடற்கூடு 35 ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. காய்கறி வணிகர், சமையல் ஒப்பந்தக்காரர், ஒளிப்படக் கலைஞர், பந்தல் அமைப்போர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் எனப் பல தொழில் செய்வோருக்கு இது முதல் நான்கு சக்கர வண்டியாக அமைந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு இருந்தமையால், இந்தியத் திரைப்படங்களில் ஆட்கடத்தல் காட்சிகளுக்கு உரிய வண்டியாகவும் இது பெயர் பெற்றது.

வெர்சா: இடையில் ஒரு முயற்சி

ஆம்னியைவிட மேம்பட்ட வேன் ஒன்றை மாருதி 2001 இல் வெர்சா என்னும் பெயரில் விற்கத் தொடங்கியது. இதில் 1.3 லிட்டர் கொள்ளளவும் நான்கு உருளைகளும் கொண்ட எஞ்சின் இருந்தது. உயர் வகைகளில் முன்னும் பின்னும் தனித்தனிக் குளிர்சாதன வசதி தரப்பட்டது. நடிகர்கள் அமிதாப் பச்சன், அபிசேக் பச்சன் ஆகியோர் இதன் விளம்பரங்களில் தோன்றினர். ஆயினும் வெர்சா எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. வேன் வாங்க வந்தவர்களுக்கு இதன் விலை மிகுதியாகத் தோன்றியது. அவ்விலையைக் கொடுக்கக் கூடியவர்கள் வழக்கமான மகிழுந்தையே விரும்பினர்.

ஈக்கோ (2010 முதல்)

வெர்சாவின் உடற்கூட்டை எளிமையாக்கி, வசதிகளைக் குறைத்து, விலையைத் தாழ்த்தி உருவாக்கப்பட்டதே ஈக்கோ ஆகும். தொடக்க வகையின் விலை தில்லி காட்சியறையில் ஏறத்தாழ 2.59 இலட்சம் ரூபாயாக இருந்தது. இதில் 1196 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஜி12பி என்னும் நான்கு உருளை எஞ்சின் பொருத்தப்பட்டது. தொடக்க கால வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் வசதி கிடையாது. ஐந்து பேர், ஏழு பேர் அமரும் வகைகள் வெளிவந்தன. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு (சி.என்.ஜி.) வகை 2010 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது. சரக்கு வகை பின்னர் வந்தது. 2022 நவம்பரில் இதன் எஞ்சின் மாற்றப்பட்டு, ஏறத்தாழ 81 குதிரைத்திறன் தரும் கே வரிசை எஞ்சின் இடம்பெற்றது. 2023 ஆம் ஆண்டளவில் ஈக்கோவின் மொத்த விற்பனை பத்து இலட்சத்தைக் கடந்தது.

அளவுகள்

கீழ்க்காணும் அட்டவணையில் ஆம்னியின் பிற்கால பெட்ரோல் வகையும், 2010 ஆம் ஆண்டு ஈக்கோ பெட்ரோல் வகையும் ஒப்பிடப்படுகின்றன.

| கூறு | ஆம்னி | ஈக்கோ |
|---|---|---|
| நீளம் | 3370 மி.மீ. | 3675 மி.மீ. |
| அகலம் | 1410 மி.மீ. | 1475 மி.மீ. |
| உயரம் | 1640 மி.மீ. | 1800 மி.மீ. |
| முன்-பின் அச்சுகளின் இடைத்தூரம் | 1840 மி.மீ. | 2350 மி.மீ. |
| திரும்பும் ஆரம் | 4.1 மீட்டர் | 4.5 மீட்டர் |
| எஞ்சின் கொள்ளளவு | 796 க.செ.மீ. | 1196 க.செ.மீ. |
| உருளைகள் | 3 | 4 |
| உச்சத் திறன் | ஏறத்தாழ 35 குதிரைத்திறன் | ஏறத்தாழ 73 குதிரைத்திறன் |
| உச்ச முறுக்குவிசை | 59 நியூட்டன் மீட்டர் | 101 நியூட்டன் மீட்டர் |
| முன்னோக்கிய கியர்கள் | 4 | 5 |
| இயங்கும் சக்கரங்கள் | பின் | பின் |

அட்டவணையில் கவனிக்க வேண்டிய எண் அச்சுகளின் இடைத்தூரம் ஆகும். வண்டியின் மொத்த நீளம் 305 மி.மீ. மட்டுமே கூடியுள்ளது, ஆனால் அச்சுகளின் இடைத்தூரம் 510 மி.மீ. கூடியுள்ளது. முன்சக்கரங்கள் முன்னோக்கி நகர்த்தப்பட்டதே இதன் காரணம். இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வேறுபாடுகள் பல இந்த ஒரு மாற்றத்தில் இருந்து பிறக்கின்றன.

அமைப்பு

இரண்டு வேன்களிலும் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ளது. அங்கிருந்து நீண்ட சுழல்தண்டு வழியாகத் திறன் பின்சக்கரங்களுக்குச் செல்கிறது. பாரம் ஏற்றும்போது பின்சக்கரங்களின் மீது எடை கூடுவதால், அவற்றின் பிடிப்பும் கூடுகிறது. சுமை வண்டிகளில் பின்சக்கர இயக்கம் விரும்பப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

ஆம்னியில் முன்சக்கரங்கள் ஓட்டுநரின் இருக்கைக்கு ஏறத்தாழ நேர் கீழே அமைந்துள்ளன. ஓட்டுநரின் கால்கள் அச்சுக்கு முன்னால், முகப்புத் தகட்டை ஒட்டி இருக்கின்றன. இவ்வமைப்பினால் 3370 மி.மீ. நீளத்தில் எட்டு இருக்கைகளுக்கு இடம் கிடைத்தது. மூக்குப் பகுதி இல்லாமையால், வண்டியின் முன்முனை எங்கு முடிகிறது என்பது ஓட்டுநருக்கு நன்கு தெரியும். குறுகிய தெருக்களிலும் சந்தைகளிலும் இது பெரிய வசதி ஆகும்.

ஈக்கோவில் முன்சக்கரங்கள் கதவுக்கு முன்னால் நகர்ந்துள்ளன. சிறிய மூக்குப் பகுதியும் அமைந்துள்ளது. இதனால் நெடுஞ்சாலையில் வண்டி கூடுதல் நிலைத்தன்மையுடன் செல்கிறது. பள்ளம் மேடுகளில் முன்னும் பின்னும் ஊசலாடுவது குறைகிறது. ஆம்னியின் பின்பகுதியில் வில்பட்டைகள் இருந்தன. ஈக்கோவில் சுருள்வில்கள் உள்ளன. இதற்கு விலையாகத் திரும்பும் ஆரம் 0.4 மீட்டர் கூடியது. ஆம்னி ஒரே முறையில் திரும்பும் சந்தில் ஈக்கோவை ஒரு முறை பின்னெடுத்துத் திருப்ப வேண்டி வரலாம்.

எட்டுப் பேர் அமரும் ஆம்னியில் நடு இருக்கை பின்னோக்கி இருந்தது. பயணிகள் எதிரெதிரே அமர்ந்தனர். ஈக்கோவில் எல்லா இருக்கைகளும் முன்னோக்கியே அமைந்துள்ளன.

இழுதிறன்

எஞ்சினின் திறனை மட்டும் பார்த்தால், ஈக்கோ ஆம்னியைப் போல் இரு மடங்கு ஆகும். ஆயினும் வண்டியின் எடையையும் சேர்த்துக் கணக்கிடுவதே பொருத்தமாகும். எடுத்துக்காட்டாக, ஒருவருக்குச் சராசரியாக 60 கி.கி. எனக் கொள்வோம்.

ஆம்னியின் வெற்று எடை ஏறத்தாழ 785 கி.கி. எட்டுப் பேர் ஏறினால் 1265 கி.கி. ஆகிறது. அப்போது ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 28 குதிரைத்திறன் கிடைக்கிறது.

ஈக்கோவின் வெற்று எடை ஏறத்தாழ 920 கி.கி. ஏழு பேர் ஏறினால் 1340 கி.கி. ஆகிறது. அப்போது ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 54 குதிரைத்திறன் கிடைக்கிறது.

சமவெளியில், நகர எல்லைக்குள், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும்போது இவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. முழு அளவு ஆட்களுடன் மலைப்பாதையில் ஏறும்போதும், நெடுஞ்சாலையில் சரக்குந்து ஒன்றை முந்தும்போதும் அது வெளிப்படுகிறது. நான்கு கியர்கள் மட்டுமே உள்ள ஆம்னியில் வேகம் கூடும்போது எஞ்சினின் இரைச்சலும் மிகுதியாகிறது. வெளியூர்ப் பயணம் மிகுந்தோர் ஈக்கோவை நாடுவதற்கும், உள்ளூர்ச் சுமைக்கு மட்டும் வேன் வைத்திருப்போர் ஆம்னியிலேயே நின்றுவிடுவதற்கும் இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

எரிபொருளும் செலவும்

மாருதியின் அறிவிப்பின்படி 2022 ஆம் ஆண்டு ஈக்கோ பெட்ரோல் வகை லிட்டருக்கு 19.71 கி.மீ. தூரமும், இயற்கை எரிவாயு வகை கிலோவுக்கு 26.78 கி.மீ. தூரமும் செல்லும். இவை ஆய்வுக்கூட நிலையில் அளக்கப்பட்டவை. சாலையில் கிடைப்பது சுமை, போக்குவரத்து நெரிசல், ஓட்டும் முறை ஆகியவற்றைப் பொறுத்துக் குறையும்.

மாறுவதால் எவ்வளவு மிச்சமாகும் என்பதைப் பின்வரும் கணக்கால் அறியலாம். பழைய வேன் லிட்டருக்கு 14 கி.மீ., புதிய வேன் 17 கி.மீ. தருவதாகவும், ஒருவர் நாளொன்றுக்கு 60 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 300 நாட்கள் ஓட்டுவதாகவும் கொள்வோம். பழைய வேனுக்கு நாள்தோறும் 4.29 லிட்டரும், புதிய வேனுக்கு 3.53 லிட்டரும் தேவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 227 லிட்டர் மிச்சமாகிறது. லிட்டர் 100 ரூபாய் எனில் இது 22,700 ரூபாய் ஆகும். ஆனால் 5 இலட்சம் ரூபாய் கடனுக்கு 10 விழுக்காடு வட்டி எனில், முதல் ஆண்டின் வட்டியே 50,000 ரூபாயை நெருங்கும். எனவே பெட்ரோல் மிச்சத்தை மட்டும் நம்பிப் பழைய வேனை மாற்றினால் கணக்கு நேராவதில்லை. கூடுதல் தூரம், கூடுதல் வாடகை, பழுதால் இழக்கும் நாட்கள் குறைதல் ஆகியவற்றில் ஒன்றேனும் சேர்ந்தால்தான் மாற்றம் பயன் தரும்.

இயற்கை எரிவாயு வகை இக்கணக்கை மாற்றக் கூடியது. ஆயினும் அதன் உருளை பொருள் வைக்கும் இடத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. அவ்வகை ஐந்து இருக்கைகளுடன் மட்டுமே வெளிவந்தது. எஞ்சினின் திறனும் ஏறத்தாழ 72 குதிரைத்திறனாகக் குறைகிறது. தில்லி, குசராத்து, மகாராட்டிரம் ஆகிய இடங்களில் இவ்வகை விரைவில் பரவியது. தமிழ்நாட்டில் 2010களின் பெரும் பகுதியில் இயற்கை எரிவாயு நிலையங்கள் பரவலாக இல்லாமையால், பெட்ரோல் வகையே மிகுதியாக வாங்கப்பட்டது.

பராமரிப்பு

ஆம்னியின் எஞ்சின் எளிமையானது. அதன் உதிரிப் பாகங்கள் பல மாருதி 800 உடன் பொதுவானவை. சிற்றூர்ப் பட்டறைகளிலும் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் உள்ளனர். தயாரிப்பு நின்ற பின்னரும் ஆம்னி சாலையில் நீடிப்பதற்கு இது ஒரு காரணமாகும். ஈக்கோவின் பிற்கால வகைகளில் மின்னணுக் கட்டுப்பாடுகள் மிகுந்துள்ளதால், சில பழுதுகளைக் கண்டறிய உரிய கருவி தேவைப்படுகிறது.

இரு வண்டிகளிலும் எஞ்சினை அணுக முன் இருக்கையைத் தூக்க வேண்டும். எஞ்சினின் வெப்பம் இருக்கையின் அடியில் உணரப்படுவதும் இரண்டுக்கும் பொதுவான குறையாகும். குளிரூட்டு நீர் குறைந்திருந்தால் சூடேறி எஞ்சினின் தலைப்பகுதி வளையக்கூடும் என்பதால், நாள்தோறும் நீர் மட்டம் பார்ப்பது வேன் ஓட்டுநர்களின் வழக்கமாகும்.

பாதுகாப்பு

வண்டி எதன் மீதேனும் மோதும்போது, அதன் முன்பகுதி நசுங்கி மோதலின் ஆற்றலை உள்வாங்க வேண்டும். அந்த ஆற்றல் பயணிகளைச் சென்றடையும் அளவு அதனால் குறைகிறது. ஆம்னியில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் முகப்புத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது. நசுங்குவதற்கு இடமே இல்லாத இவ்வமைப்பில், நேருக்கு நேர் மோதல்களில் முன் இருக்கையில் இருப்போருக்குப் பேராபத்து நேர்கிறது. இடத்தை மிச்சப்படுத்திய அதே அமைப்பே இக்குறைக்கும் காரணம் ஆகும்.

ஈக்கோவில் முன்சக்கரங்களும் மூக்குப் பகுதியும் முன்னால் இருப்பது ஒரு முன்னேற்றம் ஆகும். எனினும் அதுவே போதுமானதாக அமையவில்லை. குளோபல் என்கேப் அமைப்பு 2016 இல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்திய மோதல் சோதனையில், காற்றுப்பை இல்லாத ஈக்கோ வகை பெரியவர்களின் பாதுகாப்பிற்கு ஒரு நட்சத்திரமும் பெறவில்லை.

இந்திய அரசின் மோதல் பாதுகாப்பு விதிகள் 2017 அக்டோபர் முதல் புதிய வடிவங்களுக்கும், 2019 அக்டோபர் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த வடிவங்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் முன்பக்கச் சோதனையும், 50 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டுச் சோதனையும் செய்யப்படுகின்றன. ஓட்டுநருக்குக் காற்றுப்பை, இருக்கைப் பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை, பின்னெடுக்கும்போது தடை உணர்த்தும் கருவி ஆகியன 2019 சூலை முதல் கட்டாயமாயின. 1979 ஆம் ஆண்டு உடற்கூட்டை இவ்விதிகளுக்கு ஏற்ப மாற்றுவது இயலாததாகக் கருதப்பட்டது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 புகை விதிகளும் வரவிருந்தன. இந்நிலையில் ஆம்னி 2019 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஈக்கோ 2019 இல் புதிய விதிகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டது. 2025 இல் அதில் ஆறு காற்றுப்பைகள் பொருத்தப்பட்டன.

ஆகவே ஈக்கோ என்ற பெயரில் உள்ள வண்டிகள் அனைத்தும் பாதுகாப்பில் ஒரே தரத்தன அல்ல. பழைய ஈக்கோ ஒன்றை வாங்குவோர் அதன் தயாரிப்பு ஆண்டு 2019 க்கு முன்னதா பின்னதா என்று பார்ப்பது முதன்மையானது.

எரிவாயு உருளைகளின் ஆபத்து

எரிபொருள் செலவைக் குறைக்க, வீட்டுச் சமையலுக்கான எரிவாயு உருளையை வேனில் பொருத்தி ஓட்டும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் இருந்தது. இது சட்டப்படி குற்றமாகும். சமையல் உருளையில் வண்டிக்கான உருளையில் உள்ள பாதுகாப்பு அடைப்பான்கள் இல்லை. எஞ்சின் இருக்கைக்கு அடியிலும் உருளை பயணிகளின் அருகிலும் இருப்பதால், கசிவு ஏற்பட்டால் தப்புவதற்கு நேரம் கிடைப்பது அரிது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்களில் இதன் விளைவு மிகக் கொடியதாகும். பழைய வேன் வாங்குவோர் எரிவாயுக் கருவியின் விவரம் பதிவுச் சான்றிதழில் உள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின்னர் தகுதிச் சோதனை செய்து, ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயில் இருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆம்னிகள் பலவும் இவ்வயதைக் கடந்துள்ளமையால், பழையதை வைத்திருக்கும் செலவில் இதையும் சேர்க்க வேண்டும்.

வாடகைக்கு ஆட்களை ஏற்றும் வேன் மஞ்சள் எண் பலகையும் உரிய அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வேனில் வாடகைக்கு ஆட்களை ஏற்றினால் தண்டம் விதிக்கப்படுவதுடன், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் எழும். தமிழ்நாட்டில் பள்ளி வண்டிகளுக்கென 2012 இல் தனிச் சிறப்பு விதிகள் வகுக்கப்பட்டன.

பாக்கித்தானில்

ஆம்னியின் உடன்பிறப்பு எனத்தக்க சுசூக்கி போலான் என்னும் வேன் பாக்கித்தானில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. அதுவும் 796 கன செ.மீ. எஞ்சின் கொண்டதே. அங்கு மக்கள் இதனைக் கேரி டப்பா என்று அழைத்தனர். 2024 இல் போலான் நிறுத்தப்பட்டு, 660 கன செ.மீ. எஞ்சின் கொண்ட சுசூக்கி எவ்ரி அதன் இடத்தைப் பிடித்தது. அங்கும் வேன் உரிமையாளர்கள் கூடுதல் விலையையும் மேம்பட்ட பாதுகாப்பையும் எடைபோட வேண்டியதாயிற்று.

ஒப்பீட்டின் சாரம்

* குறுகிய தெருக்கள், குறைந்த தூரம், உள்ளூர்ப் பழுதுபார்ப்பு ஆகியவற்றில் ஆம்னி முந்துகிறது.
* இழுதிறன், நெடுஞ்சாலைப் பயணம், இருக்கை வசதி ஆகியவற்றில் ஈக்கோ முந்துகிறது.
* பெட்ரோல் மிச்சம் மட்டும் புதிய வேனின் கடன் வட்டியை ஈடுகட்டுவதில்லை.
* பாதுகாப்பில் 2019 க்குப் பிந்தைய ஈக்கோ தெளிவாக மேம்பட்டது. சரக்கை மட்டும் மெதுவாக ஏற்றிச் செல்வோருக்கு ஆம்னி இன்னும் பயன்படலாம். ஆனால் பிள்ளைகளையும் பயணிகளையும் ஏற்றுவோருக்கு இந்த ஒரு கூறே மற்ற எல்லாவற்றையும்விட முதன்மையானதாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மாருதி 800
* மாருதி வெர்சா
* சுசூக்கி கேரி
* பாரத் நிலை புகை விதிகள்
* அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு